வெயில் அடித்தால் ஆட்டம் கிடையாது

ஞாயிறு, காலை ஏழரை. விருதுநகர் ரயில் நிலையத்தில் இறங்கியபோதே வெயில் பிடரியில் கை வைத்தது. நான் கோயம்புத்தூர்க்காரன். இந்த நேரத்தில் எங்கள் ஊரில் வெயில் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும்.

பெண்களுக்கான பேஸ்பால் லீக் ஒன்று புதிதாகத் தொடங்குகிறது. அணிகள் ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுக்கும் முன், தென் மாவட்டங்களில் நன்றாகப் பந்து எறிபவர்களைக் கண்டுபிடித்துப் பெயர் அனுப்புவது என் வேலை. ஆட்டத்தை நேரில் பார்க்காமல் அனுப்பக்கூடாது. செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் பெயர் போய்ச் சேர வேண்டும். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் முத்துமாரி என்று ஒருத்தி இருக்கிறாள், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று அவளுக்குப் பள்ளியில் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த ரோஸ்லின் டீச்சர் போனில் சொல்லியிருந்தார். "லீவு அன்னைக்கு வாங்க சார். கட்டாயம் ஆட்டம் இருக்கும்." லீவு என்றால் ஞாயிறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சிவகாசி இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ் கட்டணம் இருபத்தாறு ரூபாய். அங்கிருந்து நாரணாபுரத்துக்கு ஆட்டோவில் நூற்றைம்பது கேட்டார்கள், நூற்றிருபதுக்குப் படிந்தது.

"கிரிக்கெட் மேட்ச்சா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"பேஸ்பால். பந்தைக் கையை மடக்கி எறியணும்."

"அட, மாங்கா எறி! எங்க டீம்ல அப்படிப் போட்டவனை அடிச்சே விரட்டிட்டோம்லா."

மைதானத்தில் ஈ, காக்கை இல்லை. சர்ச் முடிந்து ஸ்கூட்டரில் வந்த ரோஸ்லின் டீச்சர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னைக்கு லீவு இல்லையே சார்."

"ஞாயிற்றுக்கிழமை டீச்சர்!"

"அதுக்கென்ன? எம்புட்டு வெயில் அடிக்கி, பாருங்க. தீவாளி ஆர்டர் கெடக்கு. சரக்கு காயுற வெயிலை யாரு சார் விடுவா? மேகம் வந்து மானம் மூடிச்சுன்னாத்தான் கம்பெனில விடுவாக. அதுதான் இங்கன லீவு."

இதை முன்பே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதை யாராவது போன் போட்டுச் சொல்வார்களா என்பதுபோலப் பார்த்தார். மழை வந்தால் மைதானத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் எனக்குத் தெரிந்த விளையாட்டு. இங்கே மழை வந்தால்தான் மட்டையையே எடுக்கிறார்கள். எரிச்சலில் டீச்சர் கொடுத்த மோரைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கள். மறுபடியும் அதே வெயில். டீக்கடைக்காரர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே அடிச்சாப் போதும் சார்." ஊரே ஒரு பக்கம் வேண்டிக்கொள்ள, மேகத்துக்காக வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நான். பட்டாசு ஊரில் இதை வாய்விட்டுச் சொன்னால் டீ கிடைக்காது.

மாலை ஆறு மணிக்குக் கம்பெனி வேனிலிருந்து முத்துமாரி இறங்கினாள். நெடுநெடுவென்று உயரம், விரல்களில் வெள்ளிப்பொடி. என்னைப் பார்த்ததும் களைப்பை மறந்து பந்தை எடுத்துவந்தாள். முதல் பந்து என் தலைக்கு மேலே போனது. இரண்டாவது வேப்பமரத்தில் பட்டது. மூன்றாவதை எறியாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாள் பூரா குனிஞ்சு திரி சொருகுனதுல தோளு இறுகிப் போச்சு சார். லீவு அன்னைக்கு ஒரே ஒரு தடவை பாருங்க."

"நாளைக்கு அஞ்சு மணியோட முடியுதும்மா."

"அடுத்த வருசம் இந்தத் தோளு எறிய விடுமான்னே தெரியலை சார்."

சிவகாசியில் எடுத்திருந்த லாட்ஜ் அறைக்கு வந்து மின்விசிறியைத் திட்டினேன்.

செவ்வாய். பதினொன்றரை வரை பார்த்தேன். வானத்தில் துடைத்து எடுக்கக்கூட மேகம் இல்லை. போதுமடா சாமி என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மதியம் ஒன்றரை. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்க்கும்போது கடைக்குள் இருட்டியது. வெளியே புழுதிக் காற்று. தகரக் கூரையில் சடசடவென்று தூறல் விழுந்தது. போன் அடித்தது. முத்துமாரி.

"சார், கம்பெனில விட்டுட்டாக. எல்லாரும் கிரவுண்டுக்கு வந்துட்டோம். எங்கன இருக்கீக?"

"விருதுநகர்ல."

"ஓ..." என்றாள். பிறகு, "சாப்பிட்டீகளா சார்?" என்று மட்டும் கேட்டாள். திரும்பி வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. பரோட்டாவைப் பாதியில் விட்டுவிட்டு, மறுபடியும் இருபத்தாறு ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினேன். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கலைந்துவிடாதே என்று மேகத்திடம் கெஞ்சினேன்.

மூன்றே முக்கால். பொடித் தூறல். கரிசல் மண் செருப்பை விடமாட்டேன் என்றது. பதினைந்து இருபது பெண்கள் முழங்கால் வரை சேற்றோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் முத்துமாரி. நேற்று பார்த்தவள் இவள்தானா என்று சந்தேகம் வந்தது. ஈரப் பந்தைத் துப்பட்டாவில் ஒரு துடை. இடது கால் உயர்ந்தது, தோள் சாட்டைபோல அவிழ்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளின் கையுறைக்குள் பந்து அடைந்த சத்தம் எல்லைவரை கேட்டது. அடுத்ததும் அப்படியே. மட்டை பிடித்தவள் மூன்றாவது பந்துக்குக் காற்றை அடித்துவிட்டுச் சிரித்தாள். இருபது வருடமாகப் பந்து எறிபவர்களைப் பார்த்துவருகிறேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

நாலே முக்காலுக்கு, ஈர விரலுக்குப் பணியாத போனோடு மல்லுக்கட்டி அவள் பெயரை அனுப்பினேன். அனுப்பிவிட்டேன் என்று சொன்னபோது முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். ரோஸ்லின் டீச்சர் மோர் கொடுத்தார். இந்தமுறை குடித்தேன்.

கிளம்பும்போது முத்துமாரி பஸ் நிறுத்தம்வரை வந்தாள். "கோயம்புத்தூர்ல மழை நிறைய பெய்யும்லா சார்?"

"பெய்யும். பெய்ஞ்சா ஆட்டத்தை நிறுத்திடுவோம்."

நான் கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் நிஜமாகவே பரிதாபப்பட்டுக் கேட்டாள்:

"அப்ப என்னைக்குத்தான் சார் ஆடுவீக?"