அடிக்காத மணிக்கு ஒரு கையெழுத்து

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஐயா, நீங்கள் எழுதியது பொய்.

எழுபதுகளின் கடைசியில், நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக் கரையில், குடிநீர்ப் பம்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தேன். குழாயில் அழுத்தம் ஏறினால் அபாய மணி அடிக்கும். வால்வு குழிக்குள் இருப்பவர் உடனே மேலே ஏறிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் மின்சாரம் ஏறி இறங்கினாலும் அந்த மணி அலறும்.

“கல்யாண ஊட்டு மேளமாட்டம் ஓயவே மாட்டேங்குதே தம்பி!” என்று வால்வு பார்க்கும் ரகமத்து அண்ணன் சிரிப்பார்.

ஒருநாள் எரிச்சலில் மணியின் நாக்கைக் கழற்றிவிட்டேன். “ரிப்பேர் பண்ணிட்டனுங்கண்ணா” என்று அவரிடம் புளுகினேன்.

நீங்கள் வந்த அன்று பயந்துபோய் நானே கேட்டேன்: “மணிய அடிச்சுப் பாக்கறீங்களாங்க?”

“அதெல்லாம் அடிக்கும். பேனாவக் குடுய்யா” என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

நாலாம் நாள் பகலில் அழுத்தம் ஏறியது. மணி அடிக்காததால் நான் அழுத்தமானியின் முள்ளைப் பார்க்கவில்லை. குழாய் வெடித்து ரகமத்து அண்ணன் குழிக்குள்ளேயே செத்தார். ஆட்கள் வருவதற்குள் நாக்கை மாட்டிவிட்டேன்.

ஜெயில்தான் என்று விசாரணையில் நின்றேன். உங்கள் பதிவேட்டை வாசித்தார்கள்: “மணி சோதிக்கப்பட்டது. நன்றாக ஒலிக்கிறது.” மணி அடித்தும் அவர்தான் ஏறவில்லை என்று முடித்துவிட்டார்கள்.

“அவருக்குக் காது நல்லாக் கேக்குமுங்களே” என்றார் அவர் மனைவி, என்னைப் பார்த்து. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

கழற்றியது நான். அதை இங்கே எழுதிவிட்டேன். செத்தவர் மேல் தப்பில்லை என்று, இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு நீங்களும் எழுதுங்கள்.