ரேகா தூக்கிய ஆமை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் ஒரு பிராணிகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் வளர்க்கவென்று குட்டியாக வாங்கிய ஆமைகளை, பெருத்ததும் சனங்கள் பூங்காக் குளங்களில் விட்டுவிடுவார்கள். அப்படிப் பிடிபட்டு வந்ததுதான் எங்கள் ஸ்னாப்பர், வெடுக்கென்று கடிக்கும் ஆமை. பொரிக்கிற தாச்சிச் சட்டி அளவு ஓடு, முள்வரிசை கொண்ட நீண்ட வால். வயிற்றுப்புற ஓடு மிகச் சிறியது. தலையையும் கால்களையும் முழுதாக உள்ளே இழுக்க முடியாது. அதனால் தரையில் வைத்தால் கடிக்க வரும். தண்ணீரில் விட்டால் பேசாமல் ஒதுங்கிவிடும்.

ஊர்வனப் பிரிவில் ஒரு நிரந்தர வேலை காலியானது. போட்டி எனக்கும் ரேகாவுக்கும். அவள் மதுரைக்காரி, கல்யாணம் ஆகாதவள். ஷிப்ட் முடிந்ததும் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுக்க நான் பிளேஸ்டோவுக்கு ஓடுவேன். அவள் சாவகாசமாகத் தேத்தண்ணீர் குடிப்பாள். அந்தக் கோப்பையைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.

ஸ்னாப்பரின் கழுத்து ஓட்டின் பாதிவரை பின்னால் வளையும். ஆகவே பின்னங்கால்களுக்கு அருகே ஓட்டின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். தொட்டி கழுவும்போது, சரியாகத்தான் பிடித்தேனா என்று யோசித்து யோசித்துத் தூக்குவேன். ரேகா வாலைப் பிடித்து ஒரே தூக்கு.

"பயமே இல்லாத பெண்!" என்று மேலாளர் டெனிஸ் கைதட்டுவார்.

வாலில் பிடித்துத் தூக்கினால் முதுகின் முள்ளந்தண்டு விலகலாம் என்று மிருக வைத்தியர் ஒருநாள் என்னிடம் சொன்னார். இதை நான் சொன்னால் பொறாமை என்பார்களே. பொறாமை இல்லையா? வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என்னையே கேட்டேன். பதில் பிடிக்கவில்லை.

மறுநாள் டெனிஸ் பார்த்துக்கொண்டு நிற்க, ரேகா வாலுக்குக் கையை நீட்டினாள்.

"ரேகா, வாலிலை தூக்காதேயும். முள்ளந்தண்டு விலகிப்போம்."

"இத்தனை நாளா தூக்குறேன், இப்பத்தான் சொல்றீங்க. பொறாமையா அக்கா?"

"ஓம், பொறாமைதான். உம்மைக் கண்டாலே எரியுது. அதுக்காக ஆமை நொண்டியாக வேணுமே?"

ரேகா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். தமிழ் புரியாத டெனிஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, எப்படிப் பிடிக்கணும்? காட்டுங்க."

காட்டினேன். இரண்டாம் தரமே என்னைவிட நன்றாகப் பிடித்தாள். வேலையும் அவளுக்குத்தான் கிடைத்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிழையைக் கண்டால், உங்கள் மனம் சுத்தமாகும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். என் மனம் இன்னும் சுத்தமாகவில்லை. ஆமை நன்றாக நீந்துகிறது.