நெல் அவியலும் எஸ்டர் கோபுரமும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியை ஒட்டிய ஒரு சின்ன ரசாயன ஆலையில் எனக்கு முதல் வேலை. எரிசாராயத்தையும் அமிலத்தையும் ஒரே கோபுரத்துக்குள் விடுவோம். உள்ளேயே இரண்டும் வினைபுரிந்து எஸ்டர் என்ற கரைப்பான் ஆகும். அங்கேயே ஆவியாகி மேலே ஏறி, குளிர்ந்து வடியும். காகிதத்தில் அத்தனை அழகு. நடைமுறையில் எங்களைப் படாதபாடு படுத்தியது.

எல்லாம் நீராவியால் வந்த வினை. எங்களுக்கும் பக்கத்து அரிசி மில்லுக்கும் ஒரே உமி பாய்லர், முதலாளியும் ஒருவரே. மில்லில் நெல் அவிக்கத் தொடங்கினால் கோபுரத்தில் சூடு குறையும். உடனே எங்கள் ஆட்கள் வால்வை முழுசாகத் திறப்பார்கள். அவியல் முடிந்ததும் நீராவி மொத்தமும் எங்கள் பக்கம் பாயும். சாராயம் வினைபுரிய நிற்காமல் மேலே ஓடி, சரக்கைக் கெடுக்கும். சூடு ஏற ஏற நல்லது என்றே எல்லோரும் நம்பினார்கள். எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

முதலாளிக்கும் பொறுமை போய்விட்டது. "நாளைக்கும் சரக்கு தேறலன்னா, கழட்டி காயலாங்கடைக்குப் போட்டுடுவேம்மா" என்றார். கோபுரம் போனால் என் வேலையும் போகும். இந்த ஊரில் கெமிக்கல் படித்த பெண்ணுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? வீட்டில் மாப்பிள்ளை வேறு பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் நானே வால்வை மறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மில்லில் அவியல் தொடங்கியது. கோபுரத்தின் நடுவிலிருந்த வெப்பமானி இறங்க ஆரம்பித்தது.

"இன்னாம்மா வேடிக்க பாத்துகினு இருக்கீங்க? ஜல்தியா ஸ்டீமத் தொறங்க!" என்று போர்மேன் கத்தினார்.

"வால்வுல யாராச்சும் கை வெச்சீங்க, பேஜாராயிடும்!"

சாராயத்தையும் அமிலத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்கச் சொன்னேன். இருக்கிற நீராவிக்குத் தகுந்த தீனி, அவ்வளவுதான். வெப்பமானி நின்றது, பிறகு மெல்ல ஏறியது. அவியல் முடிந்ததும் இரண்டையும் அதே விகிதத்தில் கூட்டினோம். அப்போதும் நான் வால்வை விட்டு எழவில்லை.

சாயங்காலம் சோதித்தார்கள். சரக்கு தேறிவிட்டது! வாசலில் லாரியோடு நின்ற காயலாங்கடைக்காரரை முதலாளி திருப்பி அனுப்பினார்.

"டெய்லி நீயே காவலுக்கு ஒக்காருவியாம்மா?"

"அந்த வேலைய தானா செய்யற கருவி இருக்குங்க. எங்க மாட்டணும்னு வரைஞ்சு தரேன்."

"வரைஞ்சு குடுத்துட்டு போயிடாத. ஓட்டறதுக்கும் நீதான் வேணும்."

எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். வெட்கமாகக்கூட இல்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மாவிடம் சொன்னேன்: "பாக்க வரவங்க கிட்ட மொதல்லயே சொல்லிடும்மா. பொண்ணு வேலைய விடமாட்டா."