ஒன்றும் நடக்காத லைன்

எங்கள் தையல் லைனைப் பற்றி முதலாளியான தவுக்கேக்கு இருந்த ஒரே மனக்குறை, அங்கே ஒன்றும் நடப்பதில்லை என்பதுதான். பக்கத்து லைனில் எப்போதும் ஏதாவது நடக்கும். பட்டன் வந்து சேராது, சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிடுவார்கள், யாராவது மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். அந்த லைனின் தலைவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஓடியபடியே இருப்பார். சட்டை முதுகில் ஒட்டிக் கிடக்கும். தவுக்கே தம் கண்ணாடி அறையிலிருந்து எப்போது பார்த்தாலும் அவர் யாரையாவது காய்ச்சிக்கொண்டிருப்பார். எங்கள் லைனின் தலைவியான நான் சும்மா நின்றுகொண்டிருப்பேன்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலையின் அடியில், ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலை அது. எண்பதுகளின் நடுப்பகுதி. ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன, ஊரில் யார் கையிலும் காசு இல்லை, எங்களுக்கும் ஆர்டர் குறைந்துவிட்டது. ஆண்டு முடிவதற்குள் இரண்டு லைனுக்கும் ஒரே தலைமை போதும் என்று தவுக்கே சொல்லிவிட்டார். அண்ணனா, நானா என்பதுதான் பாக்கி. மற்றவர் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். பெருமைக்காகத்தான், வேறு காரணம் சொல்லிப் பூசி மெழுக மாட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் மகள் இன்று நின்றுகொண்டே வேலை வாங்குகிறாள் என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் பேசிக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

நான் ஒன்றும் சாந்த சொரூபி இல்லை, எங்கள் லைனும் முதலில் அப்படி அமைதியாக ஓடவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும். தினமும் காலையில் மணி அடிக்கும் முன்பு, எல்லாப் பெண்களும் அவரவர் மெஷினுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்பார்கள். ஏதாவது தடங்கல் இருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும். அது தவுக்கே போட்ட விதி. இல்லை என்று ஒரே குரலில் பதில் வரும். பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்தால், தடங்கல்கள் புற்றீசலாகக் கிளம்பும். காலையில் இல்லாதது அதற்குள் எங்கிருந்து முளைத்தது என்று எனக்கு ரத்தம் கொதிக்கும்.

காலர் தைத்த பெண் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருபவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். வீட்டை எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று குடும்பம் காத்திருந்தது. இவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. வாய் திறக்க மாட்டாள், ஆனால் காலர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கழிவறைப் பக்கம் போனேன். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மடி நிறையக் காலர்கள். மெஷின் இடையிடையே தையலை விட்டுக்கொண்டே போயிருக்கிறது. விட்ட இடத்தையெல்லாம் ஊசியால், கையால், சந்தேகமே வராதபடி தைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது.

“மிசின் கெட்டுப்போச்சுன்னு காலையிலயே சொல்லியிருக்கலாம்லா” என்றேன்.

“நிக்க வச்சு இல்ல கேட்டீங்க, அக்கா” என்றாள். “பெரட்டுல யாரு வாயத் தொறப்பா?”

வந்த கோபம் அப்படியே இறங்கிவிட்டது. பெரட்டு எனக்குத் தெரியாததா? விடியும் முன்பே தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்க, வேலை வாங்கும் மண்டோர் பேர் வாசிப்பார். கத்தி மழுங்கிவிட்டது என்றோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ அங்கே ஒருத்தி சொன்னால், அன்றைய வேலை வேறொருத்திக்குப் போய்விடும். அதனால் பெரட்டில் யாருக்கும் எந்தக் குறையும் இருக்காது. எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள். மீதிப் பேரான மலாய்க்காரப் பெண்களும் சீனப் பெண்களும் பெரட்டைக் கண்டதே இல்லை. நாங்கள் வாய் மூடி நிற்பதைப் பார்த்து, இதுதான் இங்கே முறை போலிருக்கிறது என்று அவர்களும் மூடிக்கொண்டார்கள். நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

மெஷினை அன்றே ஆள் வைத்துச் சரி செய்துவிட்டேன். அது பெரிய காரியமில்லை. இந்த லைனில் இன்னும் எத்தனை பேர் எந்த மூலையில் எதை ஒளித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்பதுதான் என்னை அரித்தது. மறுநாள் வரிசை வேண்டாம் என்றேன். துணி வெட்டும் மேசையைச் சுற்றி, சாய்ந்தோ உட்கார்ந்தோ, இஷ்டம்போல் வரச் சொன்னேன். முதலில் என் தடங்கலைச் சொன்னேன். புதிதாக வந்த பாக்கெட் மாதிரி எனக்குப் பிடிபடவே இல்லை, யாராவது காட்டிக் கொடுங்கள் என்றேன். லைன் தலைவி இப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் ஒரு மலாய்க்கார அக்கா துணியை எடுத்து மடித்துக் காட்டினார்.

நாளாக ஆக ஒவ்வொருத்தியாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி நான் பார்க்கிறேன் என்பாள். என் வேலை கேட்பது மட்டும்தான். காலர்காரி மட்டும் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

சரக்கு துறைமுகத்துக்குப் போக வேண்டிய வாரம் அது. ஒரு காலை எல்லோரும் பேசி முடித்த பிறகு அவள் தொண்டையைச் செருமினாள்.

“நேத்து சாயந்திரம் ஒரு கட்டு காலரை உள்பக்கம் வெளிப்பக்கமா மாத்தித் தச்சிட்டேன், அக்கா. எல்லாத்தையும் பிரிக்கணும்.”

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இந்த வாரமா, இந்தச் சரக்கிலா? நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி அறையில் தவுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் நான் கத்தியிருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும். வேலையும் எனக்கே கிடைத்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த மேசையில் அதற்குப் பிறகு யாரும் உண்மை பேசியிருக்க மாட்டார்கள். மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கூட யார் பிரிப்பது என்று மட்டும் கேட்டேன். வேலையை முடித்தவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் காலரெல்லாம் சரியாகி, சரக்கோடு சேர்ந்துவிட்டது. நடுவில் தவுக்கே இறங்கி வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதானே.

ஆண்டு முடிவில் அந்தத் தலைமை வேலை அண்ணனுக்கே கிடைத்தது. தவுக்கே கெட்ட மனிதர் இல்லை. என்னை அழைத்து உட்காரவைத்து, உன் லைன்தான் தானாக ஓடுகிறதே, அதில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். எழுந்து வெளியே வந்தேன். கழிவறைக்குப் போய், அதே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதேன்.

அடுத்த திங்கட்கிழமை என் சொந்த லைனிலேயே ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். தைத்து வருஷக்கணக்காகியிருந்தது. ஊசிக் காது மங்கலாகத் தெரிந்தது, நூல் போவேனா என்றது. அண்ணன் பக்கத்து லைனைக் காய்ச்சி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் பெண்கள் எழுந்து மேசைப் பக்கம் போனார்கள். நானும் போய் ஓரமாக நின்றேன். காலர்காரிதான் முதலில் பேசினாள், தன் தடங்கலை. பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கடைசியில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு, அக்கா?”

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

யாரும் நகரவில்லை. அவள் மறுபடி கேட்கவும் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பிடி யாருடையது என்று எனக்குத் தெரியும். அவமானமாக இருந்தது. அதற்கு அடியில் எங்கேயோ சந்தோஷமாகவும் இருந்தது.

“ஊசிக் காது தெரியல” என்றேன். “கை பழைய மாதிரி ஓடல. இன்னிக்கு என்னால எல்லாருக்கும் தாமதமாகும்.”

“நான் கோத்துத் தாரேன்” என்றாள் அவள். மலாய்க்கார அக்கா என் துணிக் கட்டிலிருந்து பாதியை எடுத்துத் தன் மெஷின் பக்கம் வைத்துக்கொண்டார். காலர்காரி என் மெஷினில் குனிந்து நூலைக் கோத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மணி அடித்தது.

கண்ணாடி அறையிலிருந்து பார்த்தவருக்கு, அன்று காலை எங்கள் லைனில் ஒன்றும் நடக்கவில்லை.