உயிரோடிருப்பவருக்கு ஒப்பாரி

வேங்கிக்காலில் செங்கல் ஏற்றும் வேலையை விட்டுவிட்டு, ஒரு பையோடு செங்கம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்டது. தெருவில் யாரும் நிற்கவில்லை. எதிர்க்கடையில் ஒருவர் சிரித்தபடி டீ குடித்தார். மலேசியாவில், எங்கள் ரப்பர் தோட்டத்தில், அந்தச் சத்தம் கேட்டால் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். யாரும் அழைக்க வேண்டியதில்லை. என் தாத்தா இந்த ஜில்லாவிலிருந்து கப்பலேறியபோது கூடவே வந்த வழக்கம் அது. நானும் அப்படியே உள்ளே போனேன்.

பிணம் இல்லை. பாய்களில் முதியவர்கள் சிலர் விரலால் வண்ணம் தொட்டுப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, “தனியா வுட்டுப் போனியே, என் ராசா” என்று பாட, ஹன்னா என்ற வெள்ளைக்காரப் பெண் சந்தோஷமாகச் சிறு மத்தளம் தட்டினார். “யார் இறந்தது?” என்றேன். “நல்ல பாட்டு!” என்று என் கையில் ஒரு கிலுகிலுப்பையைத் திணித்தார்.

உதவிக்கு இருந்த செல்வி சிரித்தாள். “நீங்களும் பொணத்தத் தேடறீங்களா? அதோ, சேப்புப் பூ வரையறாரு பாருங்க, அவருதான். அந்தம்மா புருசன். அந்தம்மாவுக்கு மறதி நோவுங்க, பகல்ல இங்க இட்டாந்து வுடுவாங்க. பாட்டு, படம்னாதான் கொஞ்சம் ஞாபகம் வருது.”

அவர் தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தார்.

மதியம் இருவரையும் அழைத்துப்போக வந்த மகன் வாசலிலேயே கத்தினான். “அப்பா உயிரோட குந்திக்கினு இருக்க சொல்ல ஒப்பாரியா? ஊர்ல இன்னா பேசுவாங்க? நாளையிலேருந்து இட்டாந்து வுடமாட்டேன்.”

கிழவர் விரலை வேட்டியில் துடைத்தார். “வூட்ல என்னப் பாத்தா எவனோ வந்துட்டான்னு கதவச் சாத்திக்கிறா. இங்க பாடற வரைக்கும் அவளுக்குப் புருசன்னு ஒருத்தன் இருக்கான். செத்தவனா இருந்தா இன்னாடா? பாடட்டும்.”

மகன் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். எனக்குக் கிலுகிலுப்பையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. தோட்டத்தில் பல வருடம் சேதி வராத ஆளுக்கும் பாடிவிடுவார்கள். எனக்கும் பாடியிருப்பார்கள்.

“நாளையிலேருந்து அவங்க ரெண்டு பேரையும் இட்டார ஆளு வேணும். ரிக்‌ஷா மிதிப்பீங்களா?” என்று கேட்டாள் செல்வி.

மறுநாள் காலை அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டு வாசலில் இருவரையும் ஏற்றிக்கொண்டேன். அந்த அம்மாள் கிழவரைப் பார்த்து இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். “யாருங்க நீங்க?”

“கூட வரவன்மா” என்றார் அவர்.

அந்த அம்மாள் நம்பாமல் என் முதுகைத் தட்டினார். “நீ எந்த ஊருப்பா?”

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். பிறகு தாத்தாவின் ஊரையும் சொன்னேன். இரண்டும் அவருக்குத் தெரியவில்லை. நான் மிதித்தேன்.