புகைக்கு வக்காலத்து

ஆய்வு மையத்தில் அவளுக்குப் 'புகைக்காரி' என்று பட்டப்பெயர். காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசு வருங்காலத்து வெயிலை எவ்வளவு கூட்டும், எவ்வளவு குறைக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. சுள்ளென்று விழுவாள்.

அவளுடைய அக்கா உருக்காலைக்குப் பின்தெருவில் குடியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் மேசையில் கரி படியும். அத்தானுக்கு நுரையீரல் கெட்டு, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். வட்டாரத்து ஆலைகளெல்லாம் புகைபோக்கிக்கு வடிகட்டி போடவேண்டும் என்று அந்தத் தெருவே கொடிபிடித்தது. முன்னால் நின்றவள் அக்கா.

அந்த நேரம் பார்த்துத்தான் புகைக்காரியின் கணக்கு முடிந்தது. ஆலைப் புகையின் கந்தகத் துகள்கள் வெயிலைக் கொஞ்சம் மேலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அவை போய்விட்டால் கோடை இன்னும் கடுமையாகும். வந்த விடையை அவள் மறைக்கவில்லை, வெளியிட்டாள்.

வடிகட்டி பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு உருக்காலை மேலாளர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நாங்க சொல்லலீங்க, விஞ்ஞானியே சொல்றாங்க. புகையை நிறுத்தினா வெயில் ஏறுமாம். தலைக்கு மேல இருக்கற குடையை நாமளே கிழிக்கணுமா?"

கூட்டம் மொத்தமும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் பக்கம் திரும்பியது. அக்கா எழுந்தாள்.

"ஏண்டி, உங்க அத்தான் மூச்சுவிட முடியாம கிடக்காரு. நீ புகைக்கு வக்காலத்து வாங்கறியா?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"இந்த ஆளு நான் எழுதினதுல பாதியை முழுங்கிட்டாரு. தூசு ஒரு வாரம், ரெண்டு வாரம் மிதக்கும், மழை பேஞ்சா விழுந்துடும். அதே புகைபோக்கியில வர்ற கரியமில வாயு பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் போகாது. சூட்டை ஏத்தறது அதுதான். ரெண்டையும் சேர்த்துக் குறைங்கன்னு எழுதியிருக்கேன். விஷத்தைக் குடைன்னு சொல்லி விக்கறாரு, வெக்கமில்லாம!"

மேலாளர் சிரித்தார். "கோவப்படாதீங்க. புகையை மட்டும் நிறுத்தினா வெயில் ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லுங்க."

அக்கா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறும்," என்றாள் புகைக்காரி.

கூச்சல் கிளம்பியது. யாரோ வீசிய தண்ணீர் பாட்டில் அவள் தோளில் பட்டது. அவள் அதை எடுத்து, வந்த பக்கமே திருப்பி வீசினாள்.

மறுநாள் ஆய்வு மைய இயக்குநர் கூப்பிட்டு, "வாயை மூடிட்டு வந்திருக்கலாமே?" என்றார்.

"மூடியிருந்தா அந்த ஆளு சொன்னதுதான் நின்னிருக்கும்," என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

கடைசியில் வடிகட்டிக்கு உத்தரவு வந்தது. கரியமில வாயுவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அத்தான் மாடிப்படி ஏறும் அளவுக்குத் தேறினார். சில வருடங்களில் கோடை, கணக்குச் சொன்னபடியே, தோலை உரித்தது. "எந்த வாயால சொன்னாளோ" என்று அவள் காதுபடவே தெருவில் கரித்துக்கொட்டினார்கள்.

அத்தானைப் பார்க்கப் போனால் அக்கா கதவைத் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் அத்தான் கேட்டார்:

"அன்னைக்கு வெயில் ஏறாதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அப்புறம் நான் எதுக்கு அத்தான் இந்த வேலைக்குப் போகணும்?"

உள்ளே பாத்திரம் ணங்கென்று விழுந்தது. "வந்தவங்களைப் போகச் சொல்லுங்க," என்றது அக்காவின் குரல்.

அவள் எழுந்திருக்கவில்லை. மின்விசிறியை அத்தான் பக்கம் திருப்பிவிட்டு, நாற்காலியை இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.