டச்சிங் செய்த இடுப்பு

சினிமாக் கொட்டகையில் பேய்ப் படத்துக்கு நான் பயந்ததே இல்லை. சிரிப்புக் காட்சிக்குத்தான் பயந்தேன். எழுபதுகளின் கடைசி, எனக்குப் பதினெட்டு வயது. திரையில் ஒரு குண்டுப் பெண் வந்துவிட்டால் அடுத்து நடக்கப்போவது கொட்டகைக்கே தெரியும். கட்டிலில் உட்காருவாள், கட்டில் உடையும். ஆசையாகப் பேசுவாள், காமெடியன் ஓட்டம் பிடிப்பான். பெண்கள் பக்கத்தில் நாலைந்து தலைகள் சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அது நான்தான் என்று ஆகிவிடுமே.

வாரப் பத்திரிகைகள் மட்டும் சளைத்தவையா? ஜோக்கில் பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி எப்போதும் குண்டு. தொடர்கதை நாயகிக்கோ இடுப்பே கிடையாது.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அப்பா தேரடித் தெருவில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார். ஸ்டூடியோக்காரர் என்னை ஒருக்களித்து நிற்கவைத்து, முன்னால் பூந்தொட்டி ஸ்டாண்டை நகர்த்தினார். அதுவும் போதவில்லை போலும்.

"கவலப்படாதீங்க சார், நெகட்டிவ்ல டச்சிங் பண்ணிடறேன்" என்றார் அப்பாவிடம்.

நெகட்டிவில் பென்சிலால் தேய்த்து, உடம்பின் ஓரங்களைப் பின்னால் தொங்கும் திரையோடு சேர்த்துவிடும் வேலை அது. படம் வந்தது. கண்ணும் மூக்குத்தியும் என்னுடையவை. கன்னமும் இடுப்பும் யாருடையவோ. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் பயம்.

"நேர்ல பாத்தா தெரிஞ்சிடாதாம்மா?"

"கல்யாணத்துக்குள்ள ஒடம்பக் கம்மி பண்ணிக்கலாம்" என்றாள். அன்று முதல் எனக்கு ஒரு வேளைச் சோறு நின்றது.

வேலூர்ப் பக்கத்து வரன் ஒன்றுக்குப் படம் பிடித்துவிட்டது. பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதினார்கள். அப்படிச் செய்வது வழக்கம்தான். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்ததாகக் கிளம்பிவிடலாம், இரண்டு வீட்டுக்கும் மானம் மிச்சம். இரு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அடையாளத்துக்கு அந்தப் படம் ஒன்றுதான்.

அப்பா ராஜகோபுர வாசலில் காத்திருந்தார். அம்மா என்னை ஆயிரங்கால் மண்டபத்தருகே நிறுத்திவிட்டு அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனாள். அவர்கள் வேறு வாசல் வழியாக வந்துவிட்டார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், பின்னால் அவருடைய மகன். அம்மாள் கையில் என் படம்.

ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னையும் பார்த்தார், தாண்டிப்போனார். பிறகு திரும்பி என்னிடமே வந்து படத்தை நீட்டினார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணைப் பாத்தீங்களா? இங்கதான் நிக்கும்னு சொன்னாங்க."

நான்தான் என்று சொன்னால் போதும். சொன்னால் கட்டில் உடைந்துவிடும், கோயிலே சிரிக்கும் என்று பயந்தேன். அந்த மகன் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. தூண்களுக்கிடையே படத்திலிருந்தவளைத் தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னும் வரலைங்க" என்றேன்.

அவர்கள் போன பிறகு அம்மா தட்டோடு மூச்சு வாங்க வந்தாள்.

"வந்துட்டாங்களா?"

"இன்னும் வரலம்மா."

உச்சி வேளையில் நடை சாத்தும்வரை நின்றோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாத ஜனங்கள் என்று அம்மா அவர்களைத் திட்டித் தீர்த்தாள். நானும் சேர்ந்து திட்டினேன்.